தடுமாற்றமும் தயக்கமும்: மறுபடி நடமாடத் தொடங்குதல்

ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்கள் மருத்துவரிடம் வலியைச் சொல்கிறார்கள், தூக்கம் இல்லாததைச் சொல்கிறார்கள், அசதியைச் சொல்கிறார்கள். கால் நிலைகொள்ளாமல் தள்ளாடுவதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. "வயசாகுது, அதான்" என்றோ, "காலையில சாப்பிடல, கிறுகிறுங்குது" என்றோ தாங்களே ஒரு காரணம் வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவரும் அதைத் தனியாகக் கேட்பது குறைவு. இதற்குள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போவது நின்றுபோகிறது. கோயில் பிரகாரம் சுற்றுவது நின்றுபோகிறது. குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதற்கே பயம்.

இந்த அத்தியாயம் அப்படி நின்றுபோனவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கானது. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வலி முழுதாகப் போன பிறகு நடமாடலாம் என்று காத்திருக்கக் கூடாது. வலி இருக்கும்போதே, பயம் தலைதூக்காத அளவுக்குச் சின்னதாகத் தொடங்க வேண்டும்.

தேவையான அளவுக்கு மட்டும் காரணம்

நாம் விழாமல் நிற்பதற்காக மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். ஃபைப்ரோமயால்ஜியாவில் நரம்பு மண்டலம் வலிச் செய்திகளை மிகைப்படுத்துகிறது. தெருவில் பூனை ஓடினாலே ஊளையிடும் கார் அலாரம் போல, சாதாரண அழுத்தமும் அசைவும் ஆபத்தாகப் பதிவாகின்றன. இதோடு அரைத் தூக்கம், மந்தமான கவனம், பலம் குறைந்த தொடைத் தசை, மயக்கம் தரும் மாத்திரைகள் எல்லாம் சேரும்போது தடுமாற்றம் வருகிறது. 2009இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநில ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குச் சமநிலை குறைவாகவும் விழுவது அதிகமாகவும் இருந்தது. ஆகவே உங்கள் தள்ளாட்டம் கற்பனை இல்லை.

ஒருமுறை தடுமாறியதும் பயம் வருகிறது. பயந்தவர் உடம்பை விறைப்பாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி குட்டிக் குட்டி அடி வைத்து நடப்பார். அப்படி நடப்பதுதான் ஆளை இன்னும் எளிதில் சாய்க்கும். பிறகு நடப்பதே குறையும், கால் பலமிழக்கும், தடுமாற்றம் கூடும். அசைந்தால் வலிக்கும், அசைந்தால் உடம்புக்குக் கேடு என்ற இந்த அச்சத்தை அளப்பதற்கென்றே பிசியோதெரபிஸ்டுகளிடம் 17 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. அந்த அளவுக்கு இது பரவலானது.

ஃபைப்ரோமயால்ஜியா வலி, தசையோ மூட்டோ சிதைவதன் அடையாளம் அல்ல. 2017இல் வெளியான ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவக் கூட்டமைப்பின் பரிந்துரைகளில், மிக உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். காரணம் இவ்வளவு போதும்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டியவை

எல்லாத் தள்ளாட்டத்தையும் ஃபைப்ரோமயால்ஜியாவின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. நோயாளியும் செய்கிறார், சில நேரம் மருத்துவரும் செய்கிறார். எளிதில் சரிசெய்யக்கூடிய வேறு காரணம் ஒளிந்திருக்கலாம்.

1. ரத்த அழுத்தத்தைப் படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்கு அது காரணமாக இருக்கலாம். உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் இது தெரியாது.

2. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12, வைட்டமின் டி ஆகியவை உண்டா என்று பாருங்கள். பி12 குறைந்தால் பாதம் மரத்துத் தரை தெரியாமல் போகும். சுத்த சைவம் சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாக எடுப்பவர்களும் இதைத் தவறவிடக் கூடாது.

3. படுக்கையில் புரளும்போதோ, பரணைப் பார்க்கத் தலையைத் தூக்கும்போதோ சில வினாடிகள் அறையே சுழன்றால், அது உள்காதில் உள்ள நுண்ணிய துகள்கள் இடம் மாறியதால் வரும் தலைச்சுற்றலாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பியே இதைச் சரிசெய்வார். பலர் இதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

4. எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பிரிகாபலின், டியூலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை இந்த நோய்க்குப் பயன்படும் மருந்துகள். தலைச்சுற்றலும் மயக்கமும் தரக்கூடியவையும்கூட. தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் இரவில் கழிப்பறைக்கு எழும்போது ஆபத்து கூடும். நேரத்தையோ அளவையோ மாற்றலாமா என்று கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அதனால் வேறு தொல்லைகள் வரும்.

5. கண்ணாடி எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்களுக்குப் படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியே படி மங்கித் தெரியும்.

6. மாதவிடாய் நின்றவர் என்றால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென்று பலமிழப்பது, பேச்சு குழறுவது, இரட்டையாகத் தெரிவது, நினைவிழந்து விழுவது, நெஞ்சுவலி, தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது. இவற்றுக்குப் பயிற்சி எதுவும் செய்துபார்க்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள்

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். சமையல் மேடைக்கு முன்னால் நில்லுங்கள். பின்னால் ஒரு கனமான நாற்காலி, பக்கத்தில் ஒருவர். வெறுங்காலோடு, காய்ந்த தரையில்.

1. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 வினாடி நில்லுங்கள்.
2. ஒரு பாதத்தை அரைப்பாத நீளம் முன்னே நகர்த்தி 10 வினாடி.
3. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்து 10 வினாடி.
4. ஒற்றைக் காலில் 10 வினாடி.

எந்தக் கட்டத்தில் மேடையைப் பிடிக்க நேர்ந்ததோ, அதோடு நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிலையில் 10 வினாடி நிற்க முடியாதவர்கள், கீழே வரும் பயிற்சிகளைச் சில நாட்களாவது பிசியோதெரபிஸ்டின் முன்னிலையில் தொடங்குவது நல்லது. அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான பிரிவு உண்டு.

இன்னொரு அளவு: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். கைப்பேசியில் நேரம் பாருங்கள். முதியவர்களுக்கு 12 வினாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் என்று கொள்வார்கள். உங்களுக்கு 40 வயதாக இருந்து 12ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் அளந்தால் போதும். தினமும் அளந்தால் வலி கூடிய நாளின் எண்ணைப் பார்த்து மனம் சோர்ந்துபோகும்.

வீட்டில் முதலில் கை வைக்க வேண்டிய இடம்

குளியலறை. மற்றவை பிறகு. ஈர டைல்ஸ் மீது பலம் குறைந்த கால் நிற்காது. எந்தப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது.

- சுவரில் துளையிட்டு இறுக்கிய உலோகக் கைப்பிடி ஒன்று குளிக்கும் இடத்திலும், ஒன்று கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்திலும் வேண்டும். துண்டு போடும் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் பிடித்து எழக் கூடாது. அவை ஆள் கனத்தைத் தாங்காது.
- வாளியை முக்காலி மேல் வையுங்கள். நீங்களும் கால் வழுக்காத ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடிக் குனிகிறோம். அந்த நேரத்தில் கண் தரும் உதவி இல்லாமல் போகிறது. அப்போது நின்றுகொண்டிருக்க வேண்டாம்.
- கதவை உள்ளே தாழிட வேண்டாம். வெளியே ஒரு துண்டு தொங்கவிட்டால் ஆள் இருப்பது தெரியும்.

வீட்டின் மற்ற பகுதிகளில்: ஓரம் சுருளும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள். அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். நைட்டியும் புடவைக் கொசுவமும் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும்.

பயப் பட்டியல்

பயிற்சியைவிட இதைத்தான் நான் முதலில் வைக்கிறேன். கால் பலம் வந்த பிறகும் மாடிப்படியைப் பார்த்துத் திரும்பிவிடுகிற பெண்கள் பலர். உடம்பு தயாராகிவிட்டது என்று அவர்களுடைய மனதுக்கு யாரும் காட்டவில்லை. பயத்தைப் பேசி விரட்ட முடியாது. பயந்ததைச் சிறுசிறு துண்டாகச் செய்து, ஒன்றும் ஆகவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அது தானாகத் தணியும்.

1. ஒரு நோட்டில், நீங்கள் விட்டுவிட்ட அல்லது தள்ளிப்போடும் 10 அசைவுகளை எழுதுங்கள். கோலம் போடக் குனிவது, மேல் தட்டிலிருந்து டப்பா எடுப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மாடிப்படி இறங்குவது, கூட்டத்தில் நடப்பது, பேருந்தில் ஏறுவது என்று உங்கள் அன்றாடத்திலிருந்தே எடுங்கள்.

2. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பயத்துக்கு எண் போடுங்கள். வலிக்கு எண் போடாதீர்கள். இரண்டும் வேறு. வலி குறைவாக இருந்தும் பயம் 9 இருக்கும் வேலைகள் உங்கள் பட்டியலில் கண்டிப்பாக இருக்கும்.

3. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண் வரை வரிசைப்படுத்துங்கள். 3 அல்லது 4 உள்ளதில் தொடங்குங்கள். 9இல் தொடங்கித் துணிச்சலைக் காட்ட வேண்டாம்.

4. செய்வதற்கு முன், என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். "முழங்கால் மடங்கி விழுந்துடுவேன்." "நாளைக்கு எழுந்திருக்கவே முடியாது."

5. செய்யுங்கள். செய்து முடித்ததும் என்ன ஆனது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மறுநாள் காலையிலும் ஒரு வரி எழுதுங்கள்.

6. அதே அசைவை அதே அளவில் தினமும் செய்யுங்கள். முதலில் போட்ட எண் பாதியாகக் குறைந்து, தொடர்ந்து 3 நாள் அப்படியே இருந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

பெரிய எண் உள்ளவற்றைத் துண்டாக்குவது எப்படி என்பதற்கு மாடிப்படி இறங்குவதை எடுத்துக்கொள்வோம். முதல் துண்டு, கீழ்ப்படியில் ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குவது. ஒரே படி, 5 முறை. இரண்டாவது, கடைசி 3 படிகளை, ஒரு படியில் இரண்டு காலும் வைத்து இறங்குவது. மூன்றாவது, பாதி மாடியிலிருந்து, பக்கத்தில் ஆளோடு. நான்காவது, ஆள் கீழே நிற்க நீங்கள் தனியாக. ஐந்தாவது, படிக்கு ஒரு கால் என்று மாற்றி மாற்றி. கையில் துணிக்கூடை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும். அப்போதும் ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். வலி அதிகமான காலை முதலில் கீழே வையுங்கள். ஏறும்போது பலமான கால் முன்னே போகட்டும்.

பேருந்துக்கும் இதே வழி. தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரே ஒரு நிறுத்தம் ஏறி இறங்கிப் பழகுவதற்குச் செலவும் கிடையாது. துணைக்கு ஒருவர் வரட்டும். ஏறியதும் கம்பியை இறுகப் பிடித்துவிட்டு இருக்கையைத் தேடுங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகு எழுங்கள். "கொஞ்சம் இருங்கண்ணே, மெதுவா இறங்கறேன்" என்று நடத்துனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டியலில் வழக்கமாக நடக்கும் தவறுகள்: உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மட்டும் செய்வது. "இன்னைக்கு நல்ல நாள், அதான் முடிஞ்சது" என்று மனம் அதைத் தள்ளுபடி செய்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் யாரையாவது கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது. அப்போது விழாமல் இருந்ததன் பெருமை அந்தக் கைக்குப் போய்விடும். குளியலறைக் கைப்பிடி, படிக்கட்டுக் கைப்பிடி போன்ற உண்மையான பாதுகாப்பை விட வேண்டாம். தேவையில்லாத இடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

சமநிலைப் பயிற்சிகள்

நேரம்: எழுந்ததும் வேண்டாம். காலை விறைப்பு தளர்ந்து, ஏதாவது சாப்பிட்டு ஒரு மணி நேரமான பிறகு. முடிந்தால் வெந்நீரில் குளித்த பின். மயக்கம் தரும் மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வேண்டாம்.

அளவு: முதல் வாரம் 5 நிமிடம். ஆம், வெறும் 5 நிமிடம்தான். போதவில்லை என்று தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள்.

வலி விதி: பயிற்சியின்போது வலி 10க்கு 2 புள்ளி வரை கூடலாம். மறுநாள் இதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். விட்டுவிடாதீர்கள்.

முதல் கட்டம், உட்கார்ந்து:

1. கைப்பிடி இல்லாத கனமான நாற்காலியில் முன்னே நகர்ந்து உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். உடம்பின் கனத்தை இடப்பக்கம், வலப்பக்கம், முன்னே, பின்னே என்று மெல்ல நகர்த்துங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது.

2. குதிகால், பாதத்தின் வெளி ஓரம், பெருவிரலின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாகத் தரையில் அழுத்தி உணருங்கள். அவசரப்படாதீர்கள். பாதத்திலிருந்து போகும் செய்தியைக் கூர்மையாக்கும் பயிற்சி இது.

3. எழுந்து உட்காருதல். பாதத்தைப் பின்னே இழுத்து, மூக்கு விரல்நுனிக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, பிறகு எழுங்கள். எழுந்ததும் நடந்துவிடாமல் 5 எண்ணும்வரை நில்லுங்கள். 3 முறையில் தொடங்கி 10 வரை கூட்டலாம். தொடைக்குப் பலம் தருவதில் எனக்குத் தெரிந்து இதற்கு இணை இல்லை. ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

இரண்டாம் கட்டம், சமையல் மேடையைத் தொட்டபடி நின்று:

4. இரண்டு கையும் மேடையில் வைத்து, கனத்தை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றுங்கள். பிறகு இரு கைகளின் விரல்நுனிகள் மட்டும். பிறகு ஒரு கையின் விரல்நுனிகள். பிறகு கை மேடைக்கு ஒரு அங்குலம் மேலே. பிடிப்பு இப்படிப் படிப்படியாகக் குறைய வேண்டும். வாரக்கணக்கில் மேடையை இறுகப் பிடித்தபடியே செய்தால் கையின் பிடிதான் பலமாகும்.

5. குதிகாலைத் தூக்கி விரல்களில் நின்று மெல்ல இறங்குங்கள். 5 முறை.

6. முன்பு அளந்த நான்கு நிற்கும் நிலைகளில், உங்களால் 10 வினாடி முழுதாக முடிந்த கடைசி நிலையில் நின்று பழகுங்கள். அது எளிதானதும் அடுத்த நிலை.

7. பாதத்தைச் சேர்த்து நின்று, தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். தெருவைக் கடக்கும்போது நாம் செய்வது இதைத்தான். தலை சுற்றினால் நிறுத்தி ஒரே புள்ளியைப் பாருங்கள்.

மூன்றாம் கட்டம், நகர்ந்து:

8. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் 5 அடி போய் 5 அடி திரும்புங்கள்.

9. டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொடும்படி நடங்கள். சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பார்வை எதிர்ச் சுவரில்.

10. நடந்துகொண்டே பேசுங்கள், அல்லது பாதி நிறைந்த தண்ணீர்த் தம்ளரோடு நடங்கள். கவனம் பிரியும்போதுதான் வீட்டில் பலர் விழுகிறார்கள். குழந்தை கூப்பிடும், பால் பொங்கும், கைப்பேசி அடிக்கும். அதனால் இந்தப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

கண்ணை மூடிச் செய்யும் பயிற்சிகளும், மெத்தென்ற பஞ்சுத் தளத்தில் நிற்பதும் பயன் உள்ளவைதான். ஆனால் வீட்டில் தனியாக வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

நடைக்கு: 5 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் சரி. தாய்ச்சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சியைக் கற்றுத்தரும் இடம் அருகில் இருந்தால் சேருங்கள். 2018இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், ஃபைப்ரோமயால்ஜியாவுக்குத் தாய்ச்சி ஏரோபிக் பயிற்சிக்கு இணையாகவோ மேலாகவோ பயன் தந்தது. மெல்ல எடை மாற்றி நிற்பதுதான் அதன் அடிப்படை என்பதால் தடுமாற்றத்துக்கும் பொருந்தும். யோகா செய்பவர்கள் விருட்சாசனத்தைச் சுவர் மூலையில் நின்று, உயர்த்திய பாதத்தைக் கணுக்காலில் வைத்து மட்டும் தொடங்குங்கள்.

நல்ல நாளின் ஆபத்து

வலி குறைந்த நாள் வந்ததும் பரணைச் சுத்தம் செய்து, போர்வை எல்லாம் துவைத்து, மிளகாய் காயவைத்து, ஒரு வாரத்து வேலையை ஒரே நாளில் முடித்துவிடத் தோன்றும். பொங்கலுக்கு முந்தைய வாரம் இது உச்சத்தில் இருக்கும். அடுத்த மூன்று நாள் படுக்கை. "பாத்தியா, அசைஞ்சா இப்படித்தான்" என்று பயம் அங்கேதான் தன் சாட்சியைத் தேடிக்கொள்கிறது. நல்ல நாளிலும் நோட்டில் உள்ள அளவுக்கு மேல் போகாதீர்கள். மிச்சத் தெம்பை மிச்சமாகவே விடுங்கள். பெரிய வேலையை 15 நிமிடத் துண்டுகளாக்கி, நடுவில் வலி வருவதற்கு முன்பே உட்காருங்கள்.

வலி கூடிய நாளுக்குத் தனி அட்டவணை இருக்கட்டும்: முதல் கட்டத்தின் இரண்டு பயிற்சிகள், வீட்டுக்குள் 2 நிமிட நடை, பயப் பட்டியலில் எண் மிகச் சிறியது ஒன்று. இதை முன்கூட்டியே எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவையுங்கள். வலியில் கிடக்கும்போது யோசித்து முடிவெடுக்க வராது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவர், பிள்ளைகள், மாமியார் இந்தப் பகுதியைப் படிக்கட்டும். "எல்லாம் மனசுதான்" என்பது அவரைக் காயப்படுத்துகிறது. அது உண்மையும் இல்லை. "நீ சும்மா உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்பது அன்புதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரு அசைவை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதை மட்டும் செய்யுங்கள்.

தடுமாறும்போது மேல்கையைப் பிடித்து இழுக்காதீர்கள். வலிக்கும் இடம் அது, இழுத்தால் நிலையும் குலையும். உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும். கூட நடக்கும்போது பக்கவாட்டில், அரை அடி பின்னே இருங்கள். படி இறங்கும்போது ஒரு படி கீழே, சற்று ஓரமாக.

விழுந்துவிட்டால்

இதை விழாத நாளிலேயே பாய் விரித்துப் பழகிவைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எழத் தெரியும் என்பதே பயத்தைப் பாதியாகக் குறைக்கிறது. கைப்பேசியைக் கழுத்துப் பையிலோ இடுப்பிலோ வைத்திருப்பது உதவும்.

1. உடனே எழாதீர்கள். பத்து மூச்சு விடுங்கள்.

2. தலை, கழுத்து, இடுப்பு, கால் என்று மனதில் ஒரு சுற்றுப் பாருங்கள். தலையில் அடி, கழுத்தில் கடும் வலி, காலை அசைக்க முடியாமை, ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் திரும்பியோ இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நகராமல் ஆளைக் கூப்பிடுங்கள், 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், தலையில் லேசாகப் பட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

3. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, பிறகு இரு கையும் இரு முழங்காலும் ஊன்றிய நிலைக்கு வாருங்கள்.

4. அப்படியே தவழ்ந்து கட்டிலோ கனமான நாற்காலியோ இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

5. இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னே தரையில் பதியுங்கள்.

6. கையும் காலும் சேர்த்து அழுத்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். 10 நிமிடம் உட்கார்ந்தே இருங்கள். தண்ணீர் குடியுங்கள்.

7. நோட்டில் எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மாத்திரைக்குப் பிறகு, என்ன செய்துகொண்டிருந்தபோது, கால் வழுக்கியதா, தலை சுற்றியதா, முழங்கால் மடங்கியதா. அடுத்த முறை மருத்துவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஆறு மாதத்தில் இரண்டாவது முறை என்றால் அந்த வாரமே போங்கள்.

8. அடிபடவில்லை என்றால், மறுநாளே பயப் பட்டியலில் இரண்டு படி கீழே இறங்கி, அங்கிருந்து செய்யத் தொடங்குங்கள். விழுந்த இடம் குளியலறை என்றால், முதல் மூன்று நாள் தரை காய்ந்திருக்கும்போது, உடை மாற்றாமல், கைப்பிடியைப் பிடித்து உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து வந்தால் போதும்.